எழுபத்திரண்டில் நின்ற மூன்றாம் கொப்பரை

மஞ்சப்பையின் முடிச்சை அவிழ்த்ததும் லாவண்டர் வாசனை குப்பென்று மூக்கில் அடித்தது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன் வாசனை எது என்று கேட்டால் பீடிப் புகையையும் ஈயம் பற்றவைக்கிற புகையையும்தான் சொல்வேன். ஆனால் நம் மெழுகுவத்திக் கம்பெனியில் வேலை பார்த்தவன் தொட்ட காகிதத்தில் மற்றதெல்லாம் போய்விடும், கடைசியில் அந்த லாவண்டர்தான் மிஞ்சும். சட்டையைத் துவைத்தாலும் போகாது. ஆளை எரித்தாலும் போகாது போலிருக்கிறது.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் இந்தக் கடிதத்தில் சந்தோஷம் கொஞ்சம்தான் வரும். உன் சம்சாரம் குருசுக்குப்பம் வரைக்கும் வந்து, நான் வீட்டில் இல்லாததால் என் வீட்டுக்காரியிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே நீ கம்ப்யூட்டர் வகுப்பில் ஜாவா படித்த நோட்டுகள். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதம், நடுவில் மடித்து, திரி நூலால் தைத்தது. நாலாம் வகுப்போடு நின்ற ஆளுக்கு இதைக் கொடுத்து என்ன பண்ணச் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டேதான் புரட்டினேன். "அங்கிள் செத்தப்புறமும் கிளாஸ் எடுக்க வந்துட்டாரு பாரு" என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து உன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. நீ செத்துப்போனதால் பிழைத்தாய்.

தட்டாஞ்சாவடிக் கம்பெனிக்கு நாம் இரண்டு பேரும் வேலைக்கு வந்ததே வேறு இடத்துக்கு லாயக்கில்லாமல்தான். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வலைக்காரன் வீட்டில் பிறந்து, படகு ஏறினால் வாந்தி எடுக்கிறவன் குப்பத்தில் நான் ஒருத்தன்தான். உனக்கு நிலம் ஒத்துக்கொள்ளவில்லை. தவளக்குப்பத்தில் உங்கள் அப்பாவும் அண்ணனும் கத்தரி நட்டால், நீ மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்துப் போடுவாய். நான் மெழுகு உருக்குகிற ஆள், நீ கம்பெனியின் எலக்ட்ரீஷியன். முதல் நாள் நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "அப்போ கடலை வுட்டு ஓடி வந்த நண்டு" என்று சொன்னாய். அன்றிலிருந்து வாசல் காவல்காரர் வரைக்கும் எனக்கு நண்டுதான் பேர்.

உனக்கு முப்பத்தேழு வயது ஆனபோது முதலாளி ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குக் கரண்டு இழுக்கப் போன நீ, அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டாய். நூறடி ரோட்டில் செருப்புக் கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தாய். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, காலேஜ் பசங்களுக்கு நடுவில், கையில் கிரீஸோடு. அவர்கள் உன்னை அங்கிள் என்று கூப்பிட்டதை நீயே வந்து என்னிடம் உளறினாய். அது உன் தப்பு. அடுத்த நாள் மதியத்துக்குள் கம்பெனி முழுக்க உன்னை அங்கிள் என்று கூப்பிட வைத்தது நான்தான்.

கம்பெனி கேட்டுக்கு உள்ளே வாதா மரத்தடியில் மதியச் சாப்பாடு. நீ என் எதிரில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே முந்தின நாள் பாடத்தை எனக்குச் சொல்வாய். எனக்குச் சொன்னால்தான் உனக்குப் புரிகிறதாம்.

"மச்சான், கிளாஸ்னா அச்சு. ஆப்ஜெக்ட்னா அதுல ஊத்தி எடுத்த மெழுகுவத்தி."

"அச்சு ஒண்ணு, வத்தி ஆயிரம். இதைச் சொல்றதுக்கா நூறடி ரோட்டுல மாடி புடிச்சு போர்டு மாட்டியிருக்கான்?"

"டேய், இது ஆரம்பம். இது கோர். நான் படிக்கிறது அட்வான்ஸ்டு ஜாவா."

"அட்வான்ஸ்டுல அச்சு ரெண்டா?"

சோற்றுக் கையாலேயே என் தலையில் ஒரு தட்டு தட்டினாய். ரசம் வழிந்தது. ஆனால் மறுநாளும் வந்து உட்கார்ந்தாய்.

நம் கூடத்தில் கொப்பரை மூன்று. மெழுகு அதில்தான் உருகும். முதல் இரண்டும் வெள்ளை மெழுகு. மூன்றாவதில்தான் லாவண்டர் எண்ணெய் சேர்ப்போம், அந்த மெழுகு பிரான்சுக்குப் போகும். நான் நீளக் கண்ணாடி வெப்பமானியை மாற்றி மாற்றி மூன்றிலும் விட்டுப் பார்த்துக்கொண்டு அலைவேன். நீ அதைப் பார்த்துவிட்டு ஒரு யோசனையோடு வந்தாய். ஒவ்வொரு கொப்பரைக்குள்ளும் சூடு அறிகிற ஒரு கம்பி. அது கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் சூட்டைத் திரையில் காட்டும், எழுபத்தைந்தைத் தொட்டால் ஹீட்டரை அணைக்கும், இறங்கினால் போடும். மூன்றுக்கும் நீ எழுதுகிற ப்ரோக்ராம் ஒன்றுதான். கொப்பரை என்று ஒரு அச்சு, அதிலிருந்து மூன்று கொப்பரை. மூன்றாவது மட்டும் அந்த அச்சிலிருந்து பிறந்த பிள்ளை. எல்லாம் அப்பனைப் போல, எண்ணெய் ஊற்றுகிற வேளையில் மட்டும் தன் இஷ்டம்.

"மூணையும் யாரு பாத்துக்கினு இருப்பா? ஒருத்தனா?"

"மூணு பேரு. த்ரெட்டுன்னு சொல்லுவாங்க. ஆளுக்கு ஒரு கொப்பரை, ஒரே நேரத்துல பாப்பானுங்க."

"ஒருத்தன் மூத்திரத்துக்குப் போயிட்டா?"

நீ சிரித்தாய். ஆனால் அடுத்த கேள்விக்குச் சிரிக்கவில்லை. நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சும்மாதான் கேட்டேன்: "கொப்பரைக்குள்ள இருக்குற கம்பி கழண்டுட்டா கம்ப்யூட்டர் இன்னா காட்டும்?"

கை பாதியில் நின்றது உனக்கு. "அந்த மாடியில இருவது பேரு உக்காந்திருக்கானுங்க. ஒருத்தன் கேக்கலைடா இதை" என்றாய். டிபன் பாக்ஸைக் கழுவாமலே எழுந்து போனாய். என்னை ஒரு ஆள் புத்திசாலி மாதிரி பார்த்தது அன்றைக்குத்தான். அதனால் அந்த வாதா மரத்தடி எனக்கு மறக்காது. இப்போது மறக்க வேண்டும் போல இருந்தாலும் மறக்காது.

மூன்று நாள் கழித்துப் பதிலோடு வந்தாய். கம்பி கழன்றால் சூடு வராது. வராதபோது ப்ரோக்ராம் ஒரு பிழையைத் தூக்கி எறியும். அதற்கென்று ஒருத்தன் காத்திருந்து பிடிக்க வேண்டும். பிடித்தவன் சும்மா இருக்கக் கூடாது. ஹீட்டரை அணைக்க வேண்டும், திரையில் சிவப்புப் பெட்டி காட்ட வேண்டும், சைரனை அலற விட வேண்டும். அந்தப் பிழைக்கு நாமே பேர் வைக்கலாமாம்.

"உன் கேள்விதானே. உன் பேரையே வச்சிட்டேன். நண்டு."

"பொறந்ததுலேர்ந்து எங்கப்பன் என்னைப் பிழைன்னுதான் சொல்றான். நீ இப்போ கம்ப்யூட்டர்லயே ஏத்திட்டியா?"

ஆங்கில எழுத்தில் நண்டு என்று எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கு ஒரு அட்டைப் பெட்டியின் மேல் எழுதிக் காட்டினாய். நான் பத்து தரம் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். அதற்குக் கீழே இரண்டு வளைந்த அடைப்புக்குறி போட்டாய், செங்குத்தாக நிற்க வைத்த மீசை மாதிரி. நாம் அதை மீசை என்றே சொல்லுவோம்.

"பிழையைப் புடிச்சவன் இன்னா செய்யணுமோ அதை இந்த ரெண்டு மீசைக்கும் நடுவுல எழுதணும். சில பேர் இருக்கானுங்க மச்சான், உள்ள ஒண்ணும் எழுதமாட்டானுங்க. காலியா வுட்டுடுவானுங்க. அப்போ இன்னா ஆவும் தெரியுமா? பிழையைப் புடிச்சு முழுங்கிட்டு கம்முனு குந்திக்கினு இருக்கும். சைரன் வராது, செவப்பு வராது. திரையில பழைய சூடே நிக்கும். பாக்குறவனுக்கு எல்லாம் நல்லா இருக்குற மாதிரியே தெரியும். இதைவிடத் திருட்டுத்தனம் ஒண்ணு கிடையாது. எங்க பாத்தாலும் காறித் துப்பு."

நான் உடனே காறி, அந்தக் காலி மீசைக்கு நடுவில் துப்பினேன். "டேய், அது முசேவுக்குப் போற பொட்டிடா" என்று நீ அலறினாய். பிரான்சிலிருந்து சரக்கு எடுக்க வருகிறவரை நம் ஆட்கள் முசே என்றுதான் சொல்வோம். நாம் இரண்டு பேரும் அந்த அட்டையைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம்.

நீ சொன்னது. உன் வாயால் சொன்னது. நான் துப்பியதை நீ பார்த்தாய்.

ப்ரோக்ராம் ஓட ஆரம்பித்ததும் முதலாளி உன்னை மின்விசிறி இருக்கிற அறைக்கு ஏற்றினார். கண்ணாடி வெப்பமானியைப் பறித்து அலமாரியில் வைத்துப் பூட்டினாய். "இனிமே திரையைப் பாரு, போதும்" என்றாய். பார்த்தேன். மூன்றாம் கொப்பரையின் கம்பி மட்டும் கொஞ்சம் தொளதொளப்பு. மூடியைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினால் கழன்றுகொள்ளும். உடனே சைரன் அலறும், என் பேர் போட்ட சிவப்புப் பெட்டி வரும். திரி அறையிலிருந்து பெண்கள், "நண்டு கத்துது, போய்ப் பாருங்க" என்பார்கள். நான் போய்க் கம்பியைச் செருகுவேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலாளிக்கு அந்தச் சைரன் பிடிக்கவில்லை. முசே வரப்போகிற வாரம், கூடத்தில் எல்லார் எதிரிலும் உன்னிடம் சொன்னார்: "அவரு நிக்கும்போது அந்தச் செவப்புப் பொட்டி வரக் கூடாது. நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

நீ கம்பியை மாற்றப்போகிறாய் என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியன் வேறென்ன பண்ணுவான்? முசே வந்தார். போன்சூர் போன்சூர் என்று எல்லாரையும் கும்பிட்டார், ஒரு வத்தியை எடுத்துக் கண்ணை மூடி மோந்தார், போனார். சைரன் ஒரு தரம்கூட அலறவில்லை. முதலாளி உன் தோளில் தட்டினார். நானும் தட்டினேன், அது இன்னும் கொடுமை.

அதற்கு நாலாம் நாள். திரி அறையில் பெண்களுக்கு நான் முசே மோந்து பார்ப்பதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அவர்கள் சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டதாம். சிரிப்பு அடங்கும் முன்பே லாவண்டர் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் கொப்பரைக்குப் போனேன். திரையைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. சரியான சூடு. மூடியைத் திறந்து எண்ணெயை ஊற்றினேன்.

கொப்பரை பொங்கி என் இடது கைமேல் ஏறியது. மெழுகு தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இதை எழுத எனக்கு மனசில்லை. நீ ஓடி வந்து தூக்கினாய் என்று மட்டும் தெரியும்.

இருபது நாள் கழித்துக் கட்டோடு முதலாளி அறைக்கு வந்தேன். நீயும் நின்றாய்.

"மூடியைத் தொறக்கும்போது சூடு எவ்ளோ?" என்று முதலாளி கேட்டார்.

"எழுவத்திரண்டு சார்."

"எழுவத்திரண்டுல மெழுகு பொங்குமா?"

"பொங்காது சார்."

அவர் உன் பக்கம் திரும்பினார். "உன் ப்ரோக்ராம் இன்னாய்யா காட்டுச்சு அன்னைக்கு?"

நீ தரையைப் பார்த்தபடி சொன்னாய்: "எழுவத்திரண்டுதான் சார் காட்டுச்சு."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எழுபத்திரண்டுதான் காட்டியது. முதலாளி மேசையைத் தட்டினார். "அப்போ சூடு சரி. இவன் ஆட்டம் போட்டுக்கினே வந்து கையை உள்ள வுட்டுக்கினான். அந்தப் பொம்பளைங்க அத்தனை பேரும் சொல்றாங்க, சிரிச்சுக்கினேதான் போனான்னு. விளையாட்டுப் பயலை இனிமே நெருப்புக்கிட்ட வுடாத."

என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வத்திக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. வெளியில் வந்ததும் உன்னிடம் தனியாகக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "கம்பி சரியாதானேடா இருந்துச்சு?" நீ பீடியைப் பற்றவைத்தாய். "கையை நனைக்காத, சீழ் புடிச்சிக்கும்" என்றாய். நான் அதை அக்கறை என்று நினைத்தேன்.

ஆறு மாதம் நான் கம்பெனியில் வாயைத் திறக்கவில்லை. உனக்குத் தெரியும், வாயை மூடினால் எனக்குச் சோறு செரிக்காது. ஆனால் என் வாய்தான் என் கையைச் சுட்டது என்று நானே நம்பினேன். வீட்டுக்காரியும் நம்பினாள். தண்ணீர்க் குடத்தை நான் ஒரு கையால் தூக்கத் திணறும்போதெல்லாம், "வேலை நேரத்துல வாயி சும்மா இருந்திருந்தா கையி நல்லா இருந்திருக்கும்" என்பாள். ஐந்து வருஷம் சொன்னாள். தப்பாகச் சொன்னதாக எனக்குத் தோன்றியதே இல்லை. பிறகு, அழுதால் யாருக்கு லாபம் என்று அதையே ஒரு வேடிக்கையாக ஆக்கிக்கொண்டேன். கை ஏன் இப்படிச் சுருங்கியிருக்கிறது என்று பேக்கிங்குக்குப் புதிதாக வருகிற பெண்கள் கேட்டால், "மருதாணி வச்சிக்கலாம்னு பாத்தேன், மெழுகு ஒத்துக்கல" என்பேன். சிரிப்பார்கள். ஐந்து வருஷமாக உன் தப்பை என் ஜோக்காகச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவன்டா நான். நீயும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாய். நீ சிரித்தாயா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

நான் அடிபட்ட ஒரு வாரத்தில் மூன்றாம் கொப்பரைக்குப் புதுக் கம்பி போட்டாய். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு வருஷத்தில் கம்ப்யூட்டரையே விட்டாய். மின்விசிறி அறையை விட்டு இறங்கி, மறுபடி ஸ்குரூட்ரைவரைப் பிடித்தாய். "ஏன்டா அங்கிள், ஃபெயிலா?" என்றேன். "கண்ணு வலிக்குது" என்றாய். கம்பெனி முழுக்க உனக்குக் கண்ணாடி வாங்க வசூல் பண்ணலாம் என்று கிண்டல் பண்ணினேன். ஆசையாகப் படித்த ஒரே படிப்பு, முப்பத்தேழு வயதில் பசங்களோடு உட்கார்ந்து படித்தது, அதை ஏன் விட்டான் இவன் என்று எனக்குள் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் கொய்யா. சீசன் வந்தால் வாரம் ஒரு பை. கத்தரி, பொங்கலுக்குக் கரும்பு. என் டிபன் பாக்ஸைக் கழுவித் தருவாய், என் சைக்கிளுக்குக் காற்றடிப்பாய். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று நான் குப்பம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ கொடுத்த ஒவ்வொரு கொய்யாவையும் இப்போது திருப்பித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. எனக்குக் கொய்யா வேண்டாம்டா. ஒரு வார்த்தை போதும். கம்பி கழன்றிருந்தது என்று ஒரு வார்த்தை.

காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்தேன். கடைசிக்கு முந்தின நாள் நீ என் இடது கையைப் பிடித்து, சுருங்கிய தோலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாய். உதடு அசைந்தது. நான் என்ன சொன்னேன்? "வுடுறா, நர்ஸம்மா தப்பா நெனச்சிக்கப் போவுது." நீ சிரித்துவிட்டுக் கையை விட்டாய். அன்றைக்கு நான் வாயை மூடியிருந்தால் நீ சொல்லியிருப்பாயோ என்னவோ. என் வாயால் கெட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது.

இப்போது அந்தப் பக்கம். முந்தின நோட்டுகளில் எல்லாம் என் பேர் வருகிற இடத்தில், இரண்டு மீசைக்கும் நடுவில் நாலைந்து வரி இருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் ஏதோ எழுதியிருக்கிறது என்பது தெரியும். இந்தப் பக்கத்தில் நண்டு இருந்தது. மேல் மீசை இருந்தது. கீழ் மீசை இருந்தது. நடுவில் வெள்ளைக் காகிதம். ஓரத்தில் உன் பேனா எழுத்து, தமிழில்: "முசே போனதும் திரும்ப எழுதணும்." மேலே முசே வந்த நாளின் தேதி.

வீட்டுக்காரி, "இன்னா, பேய் அடிச்ச மாதிரி குந்தியிருக்க?" என்றாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மீசையைக் காட்டி, நீ எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்குச் சொன்னேன். கம்பி மறுபடி கழன்றது, ப்ரோக்ராம் பிழையைப் பிடித்து விழுங்கியது, எழுபத்திரண்டிலேயே நின்றது, ஹீட்டர் அணையாமல் காய்ந்துகொண்டே இருந்தது. அவள் அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ உன் வாயி பண்ணலையா?" என்றாள்.

"இல்ல."

அவள் எழுந்து போய் அடுப்படியில் நின்றாள். பிறகு அங்கிருந்தே, "எத்தினி தரம் சொல்லியிருப்பேன்" என்றாள்.

இன்று காலையில் தவளக்குப்பம் போனேன். சண்டை போடத்தான் போனேன், யாரோடு என்று தெரியாமல். உன் சம்சாரம் டீ போட்டுக் கொடுத்தாள். நீ போன பிறகு முதலாளி அவளைத் திரி அறையில் வேலைக்கு வைத்திருக்கிறார், உன் நல்ல பேருக்காக. உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, "அந்த நோட்டுல உங்களுக்கு ஏதாச்சும் ஒதவுதாண்ணே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு வேலை இருக்கிறது, உன் படத்துக்கு மாலை இருக்கிறது, எனக்கும் கை பழகிவிட்டது, எதற்கு என்று நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. நானும் இரண்டு மீசையைப் போட்டுவிட்டு நடுவில் ஒன்றும் எழுதாமல் எழுந்து வரப் பார்க்கிறேன். உன்னிடம் படித்தவன் உன்னைப் போலவே பண்ணப் பார்க்கிறேன்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு உன் படத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில, நீங்க போன பிறவு சொன்னாருண்ணே. அந்த மஞ்சப்பையை நண்டுகிட்ட குடு, அவனுக்குப் படிக்கத் தெரியும்னு. காய்ச்சல்ல உளறுறாருன்னு நெனச்சேன். உங்களுக்கு எங்க இங்கிலீஷுன்னு பையைத் தூக்கிப் பரண் மேல வச்சிட்டேன். மனசு கேக்காமதான் கொண்டாந்தேன்."

"நான் முதலாளிகிட்ட சொன்னா உன் வேலை..."

"சொல்லுங்கண்ணே. சொல்றதுக்குத்தானே குடுத்துட்டுப் போயிருக்காரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வாயால் சொல்ல உனக்கு ஐந்து வருஷம் இருந்தது. ஒரு மதியச் சோறு நேரம் போதும். நீ அதைச் செய்யாமல், பையில் கட்டி, பொண்டாட்டி கையில் கொடுத்து, நீ எரிந்த பிறகு நான் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க விட்டாய். அதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. அவனுக்குப் படிக்கத் தெரியும் என்று இந்த ஊரில் என்னைப் பற்றி இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லை. எங்கள் அப்பா சொன்னதில்லை, நாலாம் வகுப்பு வாத்தியார் சொன்னதில்லை. அதைச் சொன்ன ஒரே ஆளும் நீயாக இருக்க வேண்டுமா? அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். இரண்டு மீசைக்கும் நடுவில், உன் வெள்ளை இடத்தில், தமிழில் எழுதினேன்: "கம்பி கழன்றிருந்தது. நண்டு மேல் தப்பு இல்லை." எழுத்து கோணல்தான். வலது கையால் எழுதும்போது காகிதத்தை இடது கையால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அதற்கும் நீதான் காரணம்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இப்போதே லாவண்டர் வாசனை நெஞ்சில் ஏறுகிறது. முதலாளி மேசையில் விரிப்பேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உனக்குப் படிக்கத் தெரியுமாடா?" என்று கேட்பார். தெரியும் என்பேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் உன் பேரைச் சொல்வேன். அதையும் நான் விழுங்கமாட்டேன்.